நிறுத்தக் குறியனுக்குப் பிறகு: தானிய மணிக்குள் புரதம் மடியும் விதம்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் புரத உருவாக்கம் என்ற பகுதி ரைபோசோமில் தொடங்கி நிறுத்தக் குறியனில் முடிந்துவிடுகிறது. மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் தூது ஆர்என்ஏவை, புரதம் கட்டும் உறுப்பான ரைபோசோம் படித்துக்கொண்டே போகிறது, அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன, இத்துடன் முடிந்தது என்று சொல்லும் நிறுத்தக் குறியன் வந்ததும் சங்கிலி விடுபடுகிறது. தேர்வுக்குத் தேவையானது அத்துடன் தீர்ந்துவிடுகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் மேல்நிலை மாணவர்களுக்குத் தனிவகுப்பு எடுக்கும் எனக்கு இந்த இடத்தில் பாடத்தை நிறுத்துவது எப்போதுமே உறுத்தலாக இருக்கும். "அப்புறம் அது எங்க போகும் மிஸ்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்கிறது. கேள்வி நியாயமானது. விடுபட்ட சங்கிலிக்கு இன்னும் உருவம் கிடையாது, உருவம் இல்லாத புரதத்தால் எந்த வேலையும் நடக்காது. அதிலும் நாம் அன்றாடம் உண்ணும் தானியங்களில் அந்தச் சங்கிலி எந்த அறைக்குப் போகிறது, அங்கே எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் சோறு சோறாகவும் பரோட்டா பரோட்டாவாகவும் இருக்கின்றன. தானியத்தில் புரதம் எத்தனை விழுக்காடு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் போனால் இன்றும் நெல்வயல்கள் உண்டு. பால் பிடித்த கதிரிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி, இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால், பச்சை உமியின் நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு துளி வெளிப்படும். அந்தத் துளி, முளைக்கருவுக்கு உணவைச் சேர்த்துவைக்கும் கருவூண் திசுவின் உள்ளடக்கம். மாவுச்சத்துத் துகள்களும், அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் புரதங்களும் அதில் மிதக்கின்றன. பூத்து ஒரு வாரத்துக்குள் சேமிப்புப் புரதங்களின் மரபணுக்கள் முழு வீச்சில் இயங்கத் தொடங்கிவிடும். இலைகளிலும் தண்டிலும் இருந்த நைட்ரஜன், அமினோ அமிலங்களாக மாறி, சல்லடைக் குழாய்களின் வழியே மணிக்கு வந்துசேரும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் மணி முற்றிக் காய்ந்து கடினமாகிவிடும். அப்போது தீட்டிய அரிசியில் சுமார் 80 விழுக்காடு மாவுச்சத்தும் 7 விழுக்காடு புரதமும் இருக்கும். கருவூண் திசுவின் மாவுப் பகுதியில் இருந்த செல்கள் அனைத்தும் இறந்துபோயிருக்கும், அதைச் சூழ்ந்துள்ள அலூரோன் அடுக்கும் முளைக்கருவும் மட்டுமே உயிரோடு இருக்கும்.

செல் செத்த பிறகும் புரதம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதையின் முன்னால் உள்ள சிக்கல். மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், வறட்சியிலும் வெயிலிலும் கிடந்து, ஒரு நாள் தண்ணீர் பட்டதும் அந்த நைட்ரஜன் நாற்றுக்குக் கிடைத்தாக வேண்டும். ஆகவே சேமிப்புப் புரதங்களுக்கு நொதிகளைப் போல வினை எதுவும் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. அடர்த்தியாக அடங்கிக் கிடந்தால் போதும். தானியங்களில் இந்தப் பணிக்கு முதன்மையாக அமைந்தவை புரோலமின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. புரோலின், குளுட்டமின் என்ற அமினோ அமிலங்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. குளுட்டமினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால், குறைந்த இடத்தில் நிறைய நைட்ரஜனைச் சேர்த்துவைக்க அது வசதியானது. இரண்டு நைட்ரஜன் கொண்ட லைசினோ புரோலமின்களில் ஏறக்குறைய இல்லவே இல்லை. நாற்றுக்கு அதனால் பெரிய நட்டமில்லை, ஆனால் லைசினைத் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாத மனிதனுக்கு நட்டம் உண்டு.

இனி அந்தச் சங்கிலியைப் பின்தொடர்வோம். சேமிப்புப் புரதம் ஒவ்வொன்றும் தன் தொடக்கத்தில் இருபது அமினோ அமிலங்களையொட்டிய நீளத்தில் ஒரு சமிக்ஞைத் துண்டுடன் பிறக்கிறது. ரைபோசோமை விட்டு அத்துண்டு தலைநீட்டிய உடனேயே ஒரு துகள் அதை அடையாளம் கண்டு, ரைபோசோமையும் சேர்த்துக் கொண்டுபோய் செல்லுக்குள் புரதம் மடிந்து தயாராகும் சவ்வு அறையான எண்டோபிளாச வலையின் சவ்வில் ஒட்டவைக்கிறது. புரதங்கள் தம் முகவரியைத் தம்முள்ளேயே எழுதி வைத்திருக்கின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் குந்தர் புளோபெல்லுக்கு 1999இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சங்கிலி சவ்விலுள்ள துளை வழியே உள்ளே நுழையும்போதே சமிக்ஞைத் துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. மிச்சமுள்ள சங்கிலி உள்ளே மடியத் தொடங்குகிறது.

மடிதலுக்கான தகவல் முழுவதும் அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்பது கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ் நொதியை வைத்துக் காட்டிய உண்மை. அவருக்கு 1972இல் நோபல் கிடைத்தது. ஆனால் அவருடைய சோதனைக் குழாயில் புரதம் மிக நீர்த்த கரைசலில் இருந்தது. விதைச் செல்லின் எண்டோபிளாச வலைக்குள் ஒரே நேரத்தில் எண்ணற்ற சங்கிலிகள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன, அவற்றின் நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் துடிக்கின்றன. அங்கேதான் துணைப்புரதங்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது பிப் என்ற புரதம். காசிமேட்டில் வலையைப் பழுது பார்க்கும்போது ஒருவர் முடிச்சுப் போட, இன்னொருவர் தளர்ந்த பகுதியை எடுத்துப் பிடித்துச் சிக்காமல் வைத்திருப்பாரே, அந்த இரண்டாமவரின் வேலையைத்தான் பிப் செய்கிறது. அது எதையும் மடிக்காது. மடியாத பகுதியைப் பற்றிக்கொண்டு, ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, விட்டுவிட்டுப் பிடிக்கும். பிப் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். நெல்லில் அதை அளவுக்கு மீறிப் பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். சேமிப்புப் புரதம் குறைந்து, மணி கண்ணாடித் தன்மை இழந்து, வெளிறி மாவாகிப் போனது.

அடுத்தது டைசல்பைடு பிணைப்பு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் இணைந்தால் சங்கிலியில் ஒரு நிலையான பூட்டு விழும். எந்தச் சிஸ்டீன் எதனோடு சேர வேண்டும் என்பதைச் சரிபார்த்து, தவறான இணையைப் பிரித்து மறுபடி சேர்க்கும் நொதிக்கு பிடிஐ என்று பெயர். இந்தப் பூட்டு ஒரே சங்கிலிக்குள் விழுகிறதா, இரண்டு சங்கிலிகளுக்கு இடையே விழுகிறதா என்பது அற்பமான வேறுபாடாகத் தோன்றலாம். அதன் விளைவை நம் தெருமுனைக் கடைகளிலேயே பார்க்க முடியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நெல். தானியங்களில் நெல்லும் ஓட்ஸும் விதிவிலக்கானவை. கோதுமை, மக்காச்சோளம், சோளம் ஆகியவற்றில் புரோலமின் குடும்பம் ஆட்சி செய்ய, நெல்லில் முதலிடம் குளூட்டலின் என்ற சேமிப்புப் புரதத்துக்கு. மொத்தப் புரதத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அதனுடையது. பெயர் எதுவானாலும் அமைப்பில் இது பயறு வகைகளில் உள்ள லெகுமின் புரதத்தின் உறவினர். புரோலமினும் நெல்லில் உண்டு, ஆனால் இரண்டாவது இடத்தில். வியப்பு என்னவென்றால், ஒரே செல் இவ்விரண்டையும் ஒரே காலத்தில் தயாரித்து இரண்டு வெவ்வேறு இடங்களில் கலக்காமல் சேமிக்கிறது. புரோலமின் எண்டோபிளாச வலைக்குள்ளேயே உருண்டு திரண்டு, ஒன்று முதல் இரண்டு மைக்ரான் குறுக்களவுள்ள உருண்டையாக அங்கேயே தங்கிவிடுகிறது. இதை முதல் வகைப் புரத உடலம் என்பார்கள். சிஸ்டீன் மிகுந்த சிறிய புரோலமின் ஒன்று நடுவில் கருவாக அமைய, மற்றவை அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். குளூட்டலின் அங்கே தங்குவதில்லை. அது புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பைக் கடந்து, அடர்ந்த குமிழ்களில் ஏறி, சவ்வுப் பையான சேமிப்பு வாக்குவோலைச் சென்றடைந்து இரண்டாம் வகைப் புரத உடலமாகிறது.

இந்தப் பிரிவினை புரதம் பிறந்த பிறகு நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஒகிட்டாவின் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வு, அது புரதம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. புரோலமினின் தூது ஆர்என்ஏக்கள் புரோலமின் உருண்டைகளைச் சூழ்ந்த சவ்வுக்கும், குளூட்டலினின் தூது ஆர்என்ஏக்கள் எண்டோபிளாச வலையின் தட்டையான பகுதிகளுக்கும் தனித்தனியாகக் கொண்டுசெல்லப்படுகின்றன. அதாவது எந்த அறையில் குவிய வேண்டுமோ அந்த அறை வாசலிலேயே வைத்துச் சங்கிலி தயாராகிறது. செல்லின் உள்ளமைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளில் இதை விட நேர்த்தியான ஒன்று இல்லை என்றே சொல்வேன்.

குளூட்டலின் முதலில் 57 கிலோடால்டன் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) எடையுள்ள ஒரே முன்னோடிச் சங்கிலியாக இருக்கிறது. வாக்குவோலை அடைந்த பிறகு ஒரு நொதி அதை ஓர் அஸ்பராஜினின் பக்கத்தில் குறிபார்த்து வெட்டி, ஏறத்தாழ 37 முதல் 39 வரையிலும் 22 முதல் 23 வரையிலும் கிலோடால்டன் எடையுள்ள இரு துண்டுகளாக்குகிறது. எண்டோபிளாச வலையிலேயே விழுந்த டைசல்பைடு பூட்டு ஒன்று இருப்பதால் வெட்டிய பிறகும் அத்துண்டுகள் பிரிவதில்லை. வெட்டு விழுந்த பிறகுதான் அவை படிகம் போன்ற ஒழுங்கில் நெருக்கமாக அடங்க முடிகிறது. வெட்டும் நொதி பழுதான நெல் வகைகளில் முன்னோடி அப்படியே குவிந்து, புரத உடலத்தின் உள்ளே இருக்க வேண்டிய படிக ஒழுங்கு காணாமல் போகிறது.

மேலே சொன்ன பூட்டு விழாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நெல் விடை வைத்திருக்கிறது. பிடிஐ நொதிகளுள் ஒன்றை இழந்த அந்தத் திடீர்மாற்ற நெல்லுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் இஎஸ்பி2. அதில் குளூட்டலின் முன்னோடி சரியான சிஸ்டீனைத் தேடிச் சேர முடியாமல், பக்கத்தில் கிடக்கும் புரோலமினோடு தவறான டைசல்பைடு பிணைப்புகளைப் போட்டுக்கொள்கிறது. வாக்குவோலுக்குப் போக வேண்டிய சங்கிலி எண்டோபிளாச வலைக்குள்ளேயே புரோலமினுடன் கட்டியாகச் சிக்கிக் கிடக்கிறது. இரண்டு அறைகள் இருந்தும், பூட்டுப் போட ஆள் இல்லாததால் பிரிவினை குலைந்துவிடுகிறது.

மக்காச்சோளத்தின் புரோலமினுக்கு சீயின் என்று பெயர். அதன் ஃபுளோரி-2 என்ற திடீர்மாற்றத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வதுண்டு, ஏனெனில் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அரிவாள் செல் சோகையை மட்டுமே உதாரணம் காட்டி எனக்கு அலுத்துப்போய்விட்டது. 22 கிலோடால்டன் எடையுள்ள ஆல்ஃபா சீயின்களுள் ஒன்றில், சமிக்ஞைத் துண்டின் கடைசி இடத்தில் இருக்க வேண்டிய அலனினுக்குப் பதிலாக வேலின் வந்துவிட்டது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் வெட்டும் நொதி பார்த்து வெட்ட வேண்டிய இடம். வெட்டு விழாததால் சமிக்ஞைத் துண்டு சீயினோடேயே தங்கி, 24 கிலோடால்டன் எடையுடன், சவ்வில் குத்திக்கொண்டு நிற்கிறது. இயல்பான மக்காச்சோளத்தில் காமா, பீட்டா சீயின்கள் வெளிப்புறத்தில் உறையாக நிற்க, ஆல்ஃபா சீயின் உள்ளே போய் நிரம்பி உருண்டை திரளும். இங்கே ஆல்ஃபா சீயின் உள்ளே போகாமல் ஓரத்திலேயே மாட்டிக்கொள்வதால் உருண்டைகள் கோணல்மாணலாகின்றன, செல் திகைத்துப் பிப் புரதத்தை மேன்மேலும் தயாரித்துக் குவிக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் மணி மங்கலாக, சுண்ணாம்புக் கட்டியாக, எளிதில் பொடியும்படி இருக்கும். ஒரு மூலக்கூறின் ஓர் ஓரத்தில் நடந்த பிசகை விரல் நுனியால் உணர முடிகிற இடங்கள் உயிரியலில் அதிகம் கிடையாது.

இதன் உறவுக்காரக் கதையான ஒபேக்-2 என்ற மக்காச்சோளத் திடீர்மாற்றம் இன்னும் புகழ்பெற்றது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், லின் பேட்ஸ், ஆலிவர் நெல்சன் ஆகியோர் 1964இல், ஒபேக்-2 மக்காச்சோளத்தின் புரதத்தில் லைசின் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அறிவித்தார்கள். அந்த மரபணு புரோலமினைக் குறிப்பதல்ல. ஆல்ஃபா சீயின் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதத்தைக் குறிப்பது. முடுக்கி பழுதானதும் லைசின் இல்லாத சீயின் குறைந்து, லைசின் உள்ள பிற புரதங்கள் அந்த இடத்தை நிரப்பின. உலகின் பசிக்கு விடை கிடைத்துவிட்டதாகவே அன்று பேசினார்கள். இந்தியாவிலும் 1970களின் தொடக்கத்தில் சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற ஒபேக்-2 வகைகள் வெளிவந்தன. ஆனால் மணி மிருதுவாக இருந்ததால் பூச்சி எளிதில் துளைத்தது, விளைச்சலும் குறைந்தது, உழவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மெக்சிகோவில் சர்வதேச மக்காச்சோளம் கோதுமை மேம்பாட்டு மையத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் பல ஆண்டுகள் உழைத்து, லைசின் குறையாமல் மணியை மட்டும் மறுபடி கடினமாக்கும் துணை மரபணுக்களைத் தேடிச் சேர்த்தார்கள். 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கடினத்தன்மைக்குப் பின்னால் இருந்தது, சிஸ்டீன் நிறைந்த காமா சீயின் கூடியதுதான் என்று பின்னாளில் தெரிந்தது. ஊட்டத்தைக் கணக்கிட்டவர்கள் முதலில் கவனிக்காமல் விட்டது அந்தப் பூட்டைத்தான்.

இப்போது கோதுமை. போலோன்யாவில் ஜாக்கோபோ பெக்காரி 1728இல் உரையாகச் சொல்லி 1745இல் அச்சில் வந்த சோதனையை எந்த அடுப்படியிலும் செய்யலாம். 100 கிராம் மைதாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் பால் நிறமாகும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவும்போது உருண்டை முதலில் சிதைந்து நாராகப் பிரிவதாகத் தோன்றும், பலர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். இன்னும் சற்றுப் பொறுத்தால் நார்கள் தாமே ஒன்றுசேர்ந்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு கட்டி கையில் மிஞ்சும். ஈரத்தோடு நிறுத்தால் 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். அதுதான் குளூட்டன். அரிசி மாவில் இதையே செய்தால் கையில் எதுவும் மிஞ்சாது, கிண்ணம்தான் வெள்ளையாகும்.

குளூட்டனில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தாமஸ் பர் ஆஸ்பர்ன் தாவரப் புரதங்களை எதில் கரைகின்றன என்பதை வைத்தே பிரித்தார். தண்ணீரில் கரைபவை ஆல்புமின், உப்புநீரில் கரைபவை குளோபுலின், சுமார் 70 விழுக்காடு ஆல்கஹாலில் கரைபவை புரோலமின், அமிலமோ காரமோ இருந்தால் மட்டும் கரைபவை குளூட்டலின். நூறாண்டு ஆகியும் இந்தப் பகுப்பு மாணவர்களுக்குப் பயன்படுகிறது, சில இடங்களில் குழப்பவும் செய்கிறது. கோதுமையில் ஆல்கஹாலில் கரையும் கிளையடினும் கரையாத குளூட்டெனினும் உண்மையில் ஒரே புரோலமின் குடும்பத்தின் பிள்ளைகள். ஆல்ஃபா கிளையடினில் ஆறு சிஸ்டீன்கள், காமா கிளையடினில் எட்டு. அவையெல்லாம் தம் சங்கிலிக்குள்ளேயே இணை சேர்ந்துவிடுவதால் கிளையடின் தனி மூலக்கூறாக நின்றுவிடுகிறது. குளூட்டெனினிலோ சில சிஸ்டீன்கள் பக்கத்துச் சங்கிலியோடு இணைகின்றன, அது அடுத்ததோடு, அது அதற்கடுத்ததோடு. இப்படி நீண்டு போய், இயற்கையில் காணப்படும் மிகப் பெரிய புரதக் கோவைகளுள் ஒன்றாக அது வளர்கிறது. மாவு வழிந்து பரவுவதற்குக் கிளையடினும், இழுத்தால் எதிர்த்து மீள்வதற்குக் குளூட்டெனினும் காரணம். கேம்பிரிட்ஜில் பீட்டர் பேய்னின் குழு, 5, 10 என்று எண்ணிட்ட ஒரு குளூட்டெனின் இணையைக் கொண்ட கோதுமை வகைகளின் மாவு வலுவாக இருப்பதைக் கண்டது. அந்த இணையில் உள்ள ஒரு சங்கிலியில் சிஸ்டீன் ஒன்று கூடுதல்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதை நான் கூடுதலாக மதிக்கிறேன். நெல்மணி காயும்போது புரத உடலங்கள் தனித்தனி உருண்டைகளாகவே நின்றுவிடுகின்றன. கோதுமை காயும்போது அவை ஒன்றோடொன்று கலந்து, மாவுச்சத்துத் துகள்களைச் சூழ்ந்த தொடர்ச்சியான பரப்பாகிவிடுகின்றன. அரைத்த மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் அந்தத் துணுக்குகள் மறுபடி கைகோத்துக்கொள்ளத் தயாராக இருக்கின்றன.

தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் பரோட்டாக் கடையில், மாஸ்டர் எண்ணெய் தடவிய உருண்டைகளை ஈரத்துணி போட்டு மூடிவைத்திருப்பார். ஏன் அவ்வளவு நேரம் என்று ஒருமுறை கேட்டேன். "ஊறலன்னா மாவு பேச்சு கேக்காதுக்கா, இழுத்தா சுருங்கிக்கும், அடிச்சா கிழிஞ்சிரும்" என்றார். பிசைந்த உடனே குளூட்டெனின் கோவைகள் இழுபட்டு விறைப்பாக நிற்கின்றன. ஊறும் நேரத்தில் அவை மெல்லத் தளர்கின்றன, சில டைசல்பைடு பிணைப்புகள் அவிழ்ந்து வேறு இணைகளோடு சேர்கின்றன. அதன் பிறகு அவர் அதை எடுத்து மேசையில் வீச, பின்னால் நிற்கும் ஆளின் சட்டை நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிய தாளாக விரிகிறது, கிழிவதில்லை. பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் கைப்பக்குவமான அத்தோவில் வரும் நூடுல்ஸும் இதே குளூட்டெனினின் தயவில்தான் அறுபடாமல் நிற்கிறது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு இதே புரதம் தீங்காவதும் அதன் அமைப்பால்தான்: புரோலினும் குளுட்டமினும் செறிந்த பகுதிகளைக் குடல் நொதிகளால் முழுதாக வெட்ட முடிவதில்லை, எஞ்சும் நீண்ட துண்டுகளை அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதிவிடுகிறது. அந்நோய் இல்லாதவர்கள் விளம்பரத்தைப் பார்த்துக் குளூட்டனை அஞ்சி ஒதுக்குவதற்கு இது காரணமாகாது.

வெட்ட முடியாமை நெல்லிலும் உண்டு, ஆனால் அது தீங்கில்லாதது. முதல் வகைப் புரத உடலத்தின் புரோலமின், சோறாக வெந்த பிறகும் செரிமான நொதிகளுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1970களிலேயே மனித மலத்தில் கிடைத்த நுண்ணிய புரதத் துகள்களை அரிசியின் புரத உடலங்களோடு ஒப்பிட்டு இதைக் கவனித்தார்கள். வாக்குவோலில் இருக்கும் குளூட்டலின் நன்றாகச் செரிக்கும். இதைச் சாதகமாக்கிக்கொண்டு, புரதத்தைக் குறைத்து உண்ண வேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்காக ஜப்பானில் எல்ஜிசி-1 என்ற நெல்லை உருவாக்கினார்கள். அதில் குளூட்டலின் குறைவு, புரோலமின் கூடுதல்; மொத்தப் புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும் உடலில் சேரும் புரதம் குறைகிறது. விழுக்காட்டை மட்டும் அச்சிட்ட பொட்டலத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அரிசிப் புரதம் 100 கிராமில் சுமார் 3.5 முதல் 4 கிராம் லைசின் இருக்க, பெரும்பாலான பிற தானியங்கள் அதற்குக் கீழே நிற்பதற்கும் குளூட்டலினின் பெரும்பான்மையே காரணம். "சோத்துல என்ன இருக்கு, வெறும் மாவுச்சத்து" என்று உடற்பயிற்சிக் கூடங்களில் பேசும் தம்பிகள் அளவில் ஓரளவு சரி, தரத்தில் தவறு.

செங்குன்றத்து ஆலைகளில் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திப் புழுங்கல் அரிசியாக்கும்போது இந்தப் புரதங்களின் மடிப்பு ஓரளவு குலைகிறது. சூட்டில் சங்கிலிகள் அவிழ்ந்து, புதிய டைசல்பைடு பிணைப்புகளோடு ஒட்டிக்கொள்வதால் புழுங்கலின் புரதம் பச்சரிசியினதைவிடக் கரைவதற்குத் தயங்கும். மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகுவது தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

முளைக்கும் விதை இந்தப் பூட்டுகளைத் திறக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பட்டதும் முளைக்கரு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதைப் பெற்ற அலூரோன் அடுக்கு, புரதத்தை வெட்டும் நொதிகளை உள்ளே அனுப்புகிறது. தயோரிடாக்சின் என்ற சிறு புரதம் டைசல்பைடு பிணைப்புகளைப் பிரிக்கிறது, பூட்டு அவிழ்ந்த சங்கிலிகள் நொதிகளுக்கு வசப்படுகின்றன. முளைகட்டிய தானிய மாவைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கத்துக்கு இந்த அவிழ்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது.

கடைசியாகக் கூழ். சோளத்தின் புரோலமினான காஃபிரின், மக்காச்சோளத்துச் சீயினைப் போலவே வெளிப்புறத்தில் சிஸ்டீன் மிகுந்த காமா, பீட்டா வகைகளையும் உள்ளே ஆல்ஃபாவையும் வைத்து உருண்டையாகிறது. தண்ணீரில் கொதிக்க வைத்ததும் வெளி உறையில் டைசல்பைடு பிணைப்புகள் பெருகி, உள்ளிருப்பதை நொதிகள் எட்ட முடியாதபடி அடைத்துவிடுகின்றன. ஆகவே வேகவைத்த சோளத்தின் புரதம் வேகாத சோளத்தினதைவிடக் குறைவாகவே செரிக்கிறது. சமைத்தால் செரிமானம் கூடும் என்ற பொதுவழக்கு இங்கே தலைகீழாகிறது. ஆப்பிரிக்காவில் சோளக் கஞ்சியைப் புளிக்க வைத்துப் பார்த்தபோது இந்தக் குறை கணிசமாகத் தணிந்தது என்று அளந்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருவுக்குத் தெரு ஊற்றும் கூழில் இருப்பது சோளமல்ல, கேழ்வரகும் நொய்யும்தான், ஆனாலும் கரைத்த மாவை ஓர் இரவு புளிக்கவிட்டுத்தான் அதையும் காய்ச்சுகிறார்கள். கேழ்வரகிலும் புரோலமினின் பங்கு பெரியது, லைசின் குறைவு. அந்தக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வரும் நெத்திலிக் கருவாட்டின் புரதத்தில் 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம் லைசின் இருக்கிறது.